மௌனம் சம்மதமா

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிர்வீட்டு அண்ணை கதவைத் தட்டினார். ஹ்விடோவ்ரேயில் நாங்கள் இருவரும் ஒரே மாடியில் பதினோரு வருடங்களாகக் குடியிருக்கிறோம். அவர் யாழ்ப்பாணம், நான் திருநெல்வேலி. "தம்பி, இவளுக்குக் காவி விளங்கேல்லையாம். ஒருக்கா பாருங்கோ" என்றார். பின்னால் ஜிம்னேசியத்தில் படிக்கும் அவருடைய மகள் நோட்டுப் புத்தகத்துடன் நின்றாள்.

காவி என்றதும் எனக்குத் துணிதான் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது வெக்டர். இலங்கைப் பாடநூல்களில் அது காவி. நான் படித்த தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வெக்டர் என்றே இருந்தது. வேறு சில நூல்களில் திசையன். பிறகு யோசித்துப் பார்த்தபோது மூன்றில் காவிதான் மூலத்துக்கு நெருக்கம் என்று பட்டது. லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவன். காவுதல் என்றால் சுமத்தல். இருந்தாலும் கை பழகிவிட்டதால் இந்தக் கட்டுரையில் வெக்டர் என்றே எழுதுகிறேன். அண்ணை மன்னிக்க வேண்டும்.

நோட்டில் ஒரு வெக்டரின் மேல் சின்னத் தொப்பி போட்டிருந்தது. "இது அலகு வெக்டர். அதே திசை, நீளம் மட்டும் ஒன்று" என்று விளக்கினேன். அவள் கணக்கைப் போட்டு முடித்தாள். அந்த வாரமே தாள் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. டென்மார்க்கின் ஜிம்னேசியக் கணிதத்தில் தொப்பி என்றால் அலகு வெக்டர் இல்லை. அந்த வெக்டரை இடப்பக்கமாக 90 பாகை திருப்பிக் கிடைக்கும் வெக்டர். ட்வேர்வெக்டர் என்பார்கள். "மாமா, தொப்பி போட்டா திரும்புது எண்டு அர்த்தம்" என்று அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்குத் தெரியாததால் இல்லை. வெக்டர் நுண்கணிதத்துக்கான ஒரு மென்பொருள் நூலகத்தை நான்கு பேராகச் சேர்ந்து எழுதியவர்களில் நான் ஒருவன். எந்தக் குறி எதைக் குறிக்க வேண்டும் என்பதில் ஒரு காலத்தில் தீர்ப்புச் சொன்னவன். அந்தத் தீர்ப்பு ஒன்றின் கடன் இன்னும் தீரவில்லை என்பது தொப்பியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது. சம்பளம் இல்லாத வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியாகும் சின்னத் திட்டம். ஜெர்மனியில் ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர், பிரேசிலில் ஓர் ஆய்வு மாணவி, விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், அப்புறம் நான். பகலில் ஆலோசகர் வேலை, இரவில் இது. நால்வரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

தீர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மென்பொருளுக்குள் வெக்டர் என்பது என்ன? (3, 4, 0) என்று மூன்று எண்கள் மட்டும் போதுமா, அல்லது அவை எந்தச் சட்டகத்தில் அளந்தவை என்பதையும் வெக்டர் தன்னோடு சுமக்க வேண்டுமா? "மூன்று அடி முன்னால், நான்கு அடி வலப்பக்கம்" என்று வழி சொன்னால், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று தெரியாமல் அதில் பயனில்லை. அம்பு ஒன்றுதான், எண்கள் நிற்பவரைப் பொறுத்தவை. வெக்டர் என்ற கருத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் கணினிக்கு அழகு புரியாது, எண்தான் வேண்டும். வெறும் எண்களாக வைத்தால் வேகம், எளிமை. சட்டகத்தையும் கட்டித் தொங்கவிட்டால் நிரல் கனக்கும். ஆனால் என் சட்டகத்து வெக்டரையும் உங்கள் சட்டகத்து வெக்டரையும் யாராவது தெரியாமல் கூட்டினால் மென்பொருள் தடுத்து நிறுத்தும்.

இரண்டாவது, கோள ஆயங்கள். ஒரு புள்ளியைச் சொல்ல மையத்திலிருந்து தூரம் ஒன்று, கோணங்கள் இரண்டு. ஒன்று உச்சியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது, மற்றது எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பது. இயற்பியலாளர்கள் இறங்கும் கோணத்தைத் தீட்டா என்றும் சுற்றும் கோணத்தை ஃபை என்றும் எழுதுகிறார்கள். ஐஎஸ்ஓ 80000-2 என்ற சர்வதேசத் தரமும் அவர்கள் பக்கம்தான். அமெரிக்கக் கணிதப் பாடநூல்கள் பல நேர்மாறாக எழுதுகின்றன. புவியியலாளர்களோ உச்சியை விட்டுவிட்டு நிலநடுக்கோட்டிலிருந்து அளக்கிறார்கள். (1, 30, 60) என்று கொடுத்தால் இயற்பியல் வழக்கத்தில் அந்தப் புள்ளியின் உயரம் 0.866. கணித வழக்கத்தில் 0.5. இரண்டுமே நம்பத்தக்க எண்கள். தவறான வழக்கத்தில் கொடுத்தால் மென்பொருள் கத்தாது. அமைதியாக ஒரு விடையைத் தந்துவிடும்.

நான் வெறும் எண்கள், இயற்பியல் வழக்கம் என்று முடிவு கட்டி ஒரு முன்மொழிவை எழுதினேன். எங்களுக்கு ஒரு விதி இருந்தது: 72 மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் முன்மொழிவு ஏற்கப்பட்டதாகக் கொள்வோம். நாங்கள் கண்டுபிடித்ததில்லை; அப்பாச்சி போன்ற பெரிய திட்டங்களிலும் இந்த வழக்கம் உண்டு. நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு 11 மணிக்கு அனுப்பினேன். விருதுநகரில் அப்போது திங்கள் அதிகாலை மூன்றரை. ஜெர்மன்காரர் சரி என்றார். பிரேசில் பெண் கட்டைவிரலை உயர்த்தினாள். பையன் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் நிரலைச் சேர்த்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குள் ஒரு வெளியீடு வர வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அனுப்பி ஒன்பது நாள் கழித்து அவனிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் ஒன்று வந்தது. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கியது. செமஸ்டர் தேர்வு நடப்பதால் தாமதம் என்று முதலில் மன்னிப்பு. பிறகு நான்கு பக்கத்துக்கு மறுப்பு. இரண்டு வழியையும் எடுத்துப் போட்டு, எது எங்கே உடையும் என்று எழுதியிருந்தான். நான் பதில் இரண்டு வரியில் எழுதினேன்: நல்ல கருத்துகள், ஆனால் முடிவு எடுத்தாயிற்று, ஆவணத்தில் எச்சரிக்கையாகச் சேர்த்துவிடலாம். அவன் அந்த எச்சரிக்கைப் பக்கத்தையும் எழுதித் தந்தான். நேர்த்தியான பக்கம், இன்னும் இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு அவனைக் காணவில்லை.

இதைப் பெரிய அநியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்த நூலகம் இன்றும் ஓடுகிறது. என் முடிவால் எந்தப் பாலமும் இடிந்து விழவில்லை. எனக்கு இருக்கும் சிக்கலே அதுதான். தீங்கு நேர்ந்திருந்தால் கேள்வி சுலபமாகியிருக்கும். எந்தத் தீங்கும் இல்லாதபோது, இரண்டு வழியும் சரியான வழியாகவே இருக்கும்போது, ஒருவரைக் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் தவறு என்று ஏதாவது உண்டா?

இல்லை என்று சொல்ல நல்ல துணை இருக்கிறது. டேவிட் ஹ்யூம் ஒரே படகில் துடுப்புப் போடும் இரண்டு பேரைப் பற்றி எழுதினார். அவர்கள் எந்த வாக்குறுதியும் கொடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஒத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் அதில் இருவருக்கும் லாபம். 1969இல் டேவிட் லூயிஸ் அதை ஒரு முழுக் கோட்பாடாக விரித்தார். சாலையில் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதில் நீதி அநீதி இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் போனால் போதும். அப்படிப் பார்த்தால் தீட்டாவும் ஃபையும் வெறும் சாலை விதி. யாரோ ஒருவர் சொல்ல வேண்டும், நான் சொன்னேன்.

ஆனால் சாலை விதி என்றதும் ஊரெசுண்ட் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் சுவீடன் நினைவுக்கு வருகிறது. அங்கே 1967 வரை இடப்பக்கம் வண்டி ஓட்டினார்கள். அண்டை நாடுகள் வலப்பக்கம். 1955இல் பொதுவாக்கெடுப்பு நடத்தியபோது ஏறத்தாழ 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். 1963இல் நாடாளுமன்றம் மாற்றுவது என்றே முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3 அதிகாலை ஐந்து மணிக்கு நாடே பக்கம் மாறியது. ஜனநாயகம் பேசுபவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறொன்று. அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னது எண்ணிக்கையோடு பதிவாகியிருக்கிறது. பிறகு எடுத்த முடிவு, அந்த மறுப்பை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு எடுத்தது. அதனால்தான் நான்கு வருடம் ஆயத்தம் செய்து, வீடுவீடாகச் சொல்ல வேண்டியிருந்தது. தோற்பது வேறு, கேட்கப்படாமல் போவது வேறு. என் பையனின் நான்கு பக்கத்துக்கு நான் தோல்வியைக்கூடத் தரவில்லை. காலம் கடந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

லூயிஸின் படத்தில் இன்னொன்றும் விடுபடுகிறது. எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் வருவதில்லை. யார் ஏற்கெனவே அந்தப் பக்கம் பழகியிருக்கிறாரோ அவருக்கு இலவசம். மற்றவர் கைப்பழக்கத்தை உடைத்துக் கட்ட வேண்டும். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. யூனிகோடு 1991இல் வெளியானபோது தமிழுக்குக் கிடைத்த இடம், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்திய அரசு போட்ட இஸ்கி அட்டவணையின் அச்சில் அமைந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் பின்னால் வருடக்கணக்கில் மாநாடுகளில் வாதாடினார்கள். இன்று அந்த அட்டவணையில்தான் நாம் எழுதுகிறோம், நன்றாகவே எழுதுகிறோம். வாதாடியவர்களின் குறை அது வேலை செய்யாது என்பது மட்டுமல்ல. மேசை போடப்பட்டபோது எங்களுக்கு நாற்காலி இல்லை என்பதும்தான். மேசை நன்றாக அமைந்துவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது.

என் பக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 72 மணி நேர விதி இல்லாவிட்டால் எந்தக் கூட்டுவேலையும் நகராது. எல்லோரும் சம்மதித்த பிறகுதான் என்று காத்திருந்தால், கடைசியாகப் பதில் எழுதுபவர் அரசராகிவிடுவார். நான் பார்த்த தமிழ்ச்சங்கக் கூட்டங்கள் சில இதற்குச் சான்று. பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் முன் சித்திரை வந்துவிடும். ஆகவே மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் விதியில் தவறில்லை. அந்த மௌனம் யாருடையது, ஏன் வந்தது என்று பார்க்காமல் விட்டதில்தான் தவறு.

நான் 2004இல் முதுகலை படிக்க கோபன்ஹேகன் வந்தபோது குழுவேலை என்று ஒன்று கொடுத்தார்கள். ஐந்து பேர், ஒரு திட்டம். டேனிஷ் மாணவர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவதைப் பார்த்து, சண்டை வரப்போகிறது என்று நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, ஒத்துக்கொள்கிறாயா என்று ஒருவன் கேட்பான். நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்று பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. நம் ஊர்த் தலையாட்டல். அவன் அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டான். தப்பு அவனுடையது என்று சொல்ல மாட்டேன், அவன் கேட்டான். ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் மௌனமாக இருந்ததன் காரணம் எனக்குத் தெரியும்: ஆசிரியரிடமும் மூத்தவரிடமும் எதிர்த்துப் பேசாமல் இருப்பதை நற்குணம் என்று எனக்கு இருபது வருடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது தெரிந்த ஒரே ஆள் எங்கள் நால்வரில் நான்தான். "ரெஸ்பெக்டட் சார்" என்பதன் எடை ஜெர்மன்காரருக்குத் தெரியாது. நவம்பரில் தேர்வு என்பது பிரேசில் பெண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தில் எல்லோரையும் மெல்ல முனகச் சொல்வார்கள். சத்தத்தை வைத்து மனநிலையை அறிவார்கள். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் 2014இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆவணம் அதன் தர்க்கத்தை விளக்குகிறது. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தால் அது இணக்கம் ஆகிவிடாது. அந்த ஐந்து பேரின் மறுப்புக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. பதில் சொன்ன பிறகும் அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அப்போதும் மேலே போகலாம். மறுப்பவர் கேட்பது வெற்றியையல்ல, பதிலை. 1890களில் ஹாமில்டனின் குவாட்டர்னியன் ஆதரவாளர்களும் கிப்ஸின் வெக்டர் ஆதரவாளர்களும் நேச்சர் இதழில் வசைபாடிக்கொண்டார்கள். கிப்ஸ் பக்கம் வென்றது, இன்று பள்ளியில் படிப்பது அவருடைய புள்ளிப்பெருக்கலும் குறுக்குப்பெருக்கலும்தான். நாகரிகமில்லாத சண்டை. ஆனாலும் தோற்றவர்களின் ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பதில் அச்சில் இருக்கிறது.

பிடிக்காவிட்டால் பிரிந்து போய்த் தனியாக எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். திறந்த மென்பொருளின் சுதந்திரமே அதுதான். அப்படியும் நடக்கிறது. சிம்பை என்று பைதான் மொழியில் ஒரு பெரிய இலவசக் கணித நூலகம் இருக்கிறது. அதில் வெக்டருக்கு இன்றும் இரண்டு தனித்தனி அறைகள். இயற்பியல் பிரிவுக்குள் இருக்கும் அறை, சுழலும் சட்டகங்களையும் காலத்தோடு மாறும் அளவுகளையும் கையாள இயக்கவியல்காரர்கள் வளர்த்தது. மற்றது சாய்வு, விரிவு, சுழல் என்று புலங்களின் கணிதத்துக்காக 2014 வாக்கில் வந்தது. இரண்டிலும் இந்திய மாணவர்களின் கோடைக்கால உழைப்பு இருக்கிறது. இரண்டும் ஏன் ஒன்றாகவில்லை என்று புதிதாக வருபவர் குழம்புவார். ஆனால் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அந்தக் குழப்பத்தை நான் முன்பெல்லாம் குறையாகத்தான் பார்ப்பேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் உண்டு. அப்படி இரண்டாவது அறை கட்ட ஆளும் நேரமும் இருக்கும் பெரிய வீட்டில்தான் அது முடியும். விடுதி அறையில் ஒரு மடிக்கணினியோடு இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் பிரிந்து போ என்று சொல்வதற்கு, போ என்று மட்டும்தான் பொருள்.

அவன் கேட்டது பிரிந்து போவதையும் இல்லை. அந்த மின்னஞ்சலை வருடங்கள் கழித்து, போன அக்டோபரில், தொப்பிக் கணக்குக்குப் பிறகு தேடி எடுத்துப் படித்தேன். அவன் முன்வைத்தது மூன்றாவது வழி. உள்ளே பொருள் ஒன்றாக இருக்கட்டும். வெளியே அவரவர் வழக்கத்தில் எழுதட்டும். எந்த வழக்கம் என்பதைச் சட்டகம் சுமக்கட்டும். இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று தெரியவில்லை. 1958இல் அல்கோல் நிரல்மொழியை வகுக்க சூரிச்சில் கூடியவர்கள் தசமப் புள்ளியில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். அமெரிக்கர்களுக்குப் புள்ளி, ஐரோப்பியர்களுக்குக் காற்புள்ளி. (என் மகன் பள்ளியில் 3,5 என்றுதான் எழுதுகிறான். நான் திருத்தப் போய் அங்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) மேசையைத் தட்டிச் சண்டை போட்ட பிறகு, பொருளுக்கு ஒரு வடிவம், அச்சுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று மூன்று அடுக்காகப் பிரித்துத் தப்பித்தார்கள். யாரும் தன் கைப்பழக்கத்தை விட வேண்டியிருக்கவில்லை.

அந்த அல்கோல் 60இன் அறிக்கையைத் தொகுத்தவர் பீட்டர் நவுர். ஹ்விடோவ்ரேக்குப் பக்கத்தில் இருக்கும் வால்பியில் இயங்கிய ரேக்னெசென்ட்ராலன் என்ற கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பிறகு கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1985இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, நிரல் எழுதுவது என்பது உரை எழுதுவது அல்ல, ஒரு கோட்பாட்டை மனதில் கட்டுவது என்கிறது. ஏன் இப்படி அமைத்தோம், ஏன் வேறு மாதிரி இல்லை என்ற அறிவு எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் கலைந்து போனால் நிரல் ஓடினாலும் உயிர் போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஏன் வெறும் எண்கள், சட்டகம் ஏன் இல்லை என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்மொழிவை எடுத்துப் பார்த்தேன். "எளிமை" என்று ஒரு சொல் இருந்தது. இரண்டு பக்கத்தையும் சீர்தூக்கி எழுதிய ஒரே எழுத்து அந்த மாணவனின் மின்னஞ்சல்தான். என் முடிவுக்கான நியாயத்தைக்கூட என்னைவிட அவன்தான் நன்றாக எழுதியிருந்தான். அது என் அஞ்சல்பெட்டியில் கிடந்தது, திட்டத்தில் எங்கும் இல்லை.

கோபன்ஹேகனில் இதைவிடப் பெரிய கதை ஒன்று நடந்திருக்கிறது. காஸ்பர் வெசல் என்று ஒரு நிலஅளவையாளர். 1745இல் நார்வேயில் பிறந்து, இங்கே வந்து டென்மார்க்கின் வரைபடங்களுக்காகக் காலமெல்லாம் அளந்தவர். திசையுள்ள கோடுகளை எப்படிக் கூட்டுவது, பெருக்குவது என்று அவர் எழுதிய கட்டுரை 1797 மார்ச் 10 அன்று ராயல் டேனிஷ் அகாடமியில் வாசிக்கப்பட்டது, 1799இல் அச்சானது. ஓர் அம்பின் முனையில் அடுத்த அம்பின் வாலை வைத்துக் கூட்டுவது என்று இன்று அண்ணையின் மகள் நோட்டில் வரைவது அதில் இருக்கிறது. யாரும் படிக்கவில்லை. அது டேனிஷ் மொழியில் இருந்தது ஒரு காரணம். 1806இல் ஆர்கன் அதே கருத்தைத் தனியாகப் பாரிஸில் வெளியிட்டார், பெயர் அவருக்குப் போனது. வெசலின் கட்டுரையை உலகம் கண்டெடுத்தபோது 1895 ஆகிவிட்டது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1897இல். அவர் இறந்து எழுபத்தைந்து வருடங்களுக்கு மேல் கடந்திருந்தன.

கணிதத்துக்கு இதில் நஷ்டமில்லை. உண்மை இன்னொருவர் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. அதனால் வெசலுக்கு ஒன்றும் நேரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு முடியவில்லை. சிறிய மொழியில் எழுதுகிற எவருக்கும் முடியாது என்று நினைக்கிறேன். ஒருவர் சொன்னதைக் கேட்பது, அதிலிருந்து கிடைக்கும் பயனுக்காக மட்டும் நாம் செய்யும் வேலை இல்லை. அவர் அந்த அறையில் இருந்தார் என்று ஒப்புக்கொள்வதும்கூட. பயன் வேறு வழியில் கிடைத்துவிட்டாலும் அந்த ஒப்புக்கொள்ளல் பாக்கியாகவே நிற்கிறது.

பழைய முகவரிக்கு எழுதினேன். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. அந்த மின்னஞ்சலைத் திட்டத்தின் ஆவணங்களில் சேர்க்கலாமா, வடிவமைப்பாளர் பட்டியலில் உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. இப்போது பெங்களூரில் வேலை. "சார்" போய் "அண்ணா" ஆகியிருந்தேன். தங்கிலீஷில் எழுதியிருந்தான்: "அத மறந்தே போயிட்டேன் அண்ணா. மறுநாள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர். ராத்திரி முழுக்க உக்காந்து அந்த மெயில் எழுதிட்டு, பேப்பர்ல அரியர் வச்சேன்." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். உடனே அடுத்த வரி: "அதுனால இல்ல அண்ணா, அது எப்படியும் போயிருக்கும்."

தீங்கு எதுவும் நேரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஆறு வருடம் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன் என்பதற்காக.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தான். பெயரைப் போடும்போது இனிஷியல் முன்னால் வரட்டும், ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்க மாதிரி. சின்ன விஷயம். ஆனால் எங்கள் பட்டியல் கோப்பில் இரண்டு கட்டங்கள்: முதற்பெயர், குடும்பப்பெயர். இனிஷியலுக்கு இடமில்லை. அந்தக் கோப்பை அமைத்ததும் நான்தான். இந்த நாட்டின் படிவங்களுக்குப் பழகிப்போன கை. என் அப்பா விமானம் ஏறியதே இல்லை. ஆனால் ஹ்விடோவ்ரேயில் எங்கள் தபால்பெட்டியில் குடும்பப்பெயராக அவர் பெயர் இருக்கிறது. என் மனைவியும் பிள்ளைகளும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள். அவனையும் அதே கட்டத்துக்குள் பிரித்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு, அவரவர் பெயரை அவரவர் எழுதுகிறபடியே வைத்துக்கொள்ள ஒரே கட்டம் என்று முன்மொழிவு அனுப்பியிருக்கிறேன். ஜெர்மன்காரர் சரி என்றார். நான்கு பெயர்கள் உள்ள பிரேசில் பெண், இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்று எழுதினாள். சட்டகம் எங்கே என்று கேட்ட அந்தப் புதியவர் நைரோபியில் படிக்கிறார். அவரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் இல்லை. 72 மணி நேரம் போன செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. அங்கே இப்போது தேர்வு நேரமா என்று கேட்டு நேற்று ஒரு வரி எழுதிப் போட்டேன்.